சிமெண்டா, சுண்ணாம்பா? மும்பையில் உதிரும் ஒரு தேவாலயக் கல்லுக்கு வழி கேட்டு

சயான்வாசி

வணக்கம். கல் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

எங்கள் பங்குக் கோயில் ஆங்கிலேயர் காலத்தது. சுவர் முழுக்கக் கருங்கல். ஜன்னல் வளைவுகள், வாசலைச் சுற்றியுள்ள பூ வேலை, உள்ளே தூண்களின் தலைப்பகுதி ஆகியவை மட்டும் வெண்மஞ்சள் நிறக் கல். கருங்கல்லுக்கு ஒரு கேடும் வரவில்லை. இந்த வெளிர் கல்தான் கை வைத்தால் மாவாகக் கொட்டுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓட்டைகளை சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். சிமெண்ட் இன்றும் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கிறது; அதைச் சுற்றியிருந்த கல் உள்வாங்கிவிட்டது.

இப்போது வந்திருக்கும் ஒப்பந்ததாரர் மறுபடியும் சிமெண்ட் பூச்சு, அதன் மேல் தண்ணீர் புகாத பெயிண்ட் என்கிறார். பங்குப் பேரவை கூடப்போகிறது. இது என்ன கல், எதனால் உதிர்கிறது, எப்படிக் காப்பது என்று தெரிந்துகொண்டு கூட்டத்துக்குப் போக நினைக்கிறேன்.

தாராவித் தம்பி

சிமெண்ட் உறுதியாக நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எல்லாவற்றையும் சிமெண்டாலேயே மூடிவிடலாமே?

பாறைப்பித்தன்

தம்பி, சிமெண்ட் நிற்பதும் கல் போவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கல் எது என்று தெரியவேண்டும்.

நீங்கள் கருங்கல் என்று சொல்வது தக்காணப் பசால்ட். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி இறுகியது. மும்பை உட்கார்ந்திருப்பதே அதன் மேல்தான். கனமானது, அடர்த்தியானது, சுவருக்கு அற்புதமான கல். ஆனால் அதில் ஒரு கொடியோ இலையோ செதுக்கச் சொன்னால் உளி மழுங்கும், சிற்பியின் பொறுமையும் மழுங்கும்.

வெளிர் கல்லில்தான் குழப்பம். மும்பையில் வெளிர் மஞ்சளாகத் தெரிவதெல்லாம் சுண்ணாம்புக்கல் ஆகிவிடாது. மலாட் கல், குர்லா கல் என்று உள்ளூரிலேயே வெட்டப்பட்டவை உண்டு. அவையும் எரிமலைப் பாறைகள்தான். கேட்வே ஆஃப் இந்தியாகூட மஞ்சள் பசால்ட். உங்கள் கோயிலில் இருப்பது அவற்றில் ஒன்றா, இல்லை குஜராத்திலிருந்து கடல் வழியாக வந்த போர்பந்தர் கல்லா என்று பார்க்க வேண்டும். போர்பந்தர் கல் என்றால் அது சுண்ணாம்புக்கல். மருத்துவமே மாறிவிடும்.

கீழே உதிர்ந்து கிடக்கும் மாவைக் கொஞ்சம் எடுத்து ஒரு தட்டில் வைத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. சுவரில் ஊற்றாதீர்கள். தயவுசெய்து சுவரில் ஊற்றாதீர்கள். எலுமிச்சம்பழத்தோடு ஆராய்ச்சிக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இரண்டு முறை சொல்கிறேன்.

செம்பூர் கோகிலா

எங்கள் சமையல் மேடை கடப்பா கல். எலுமிச்சைச் சாறு சிந்தி அப்படியே விட்டால் வெள்ளையாகத் தடம் விழுகிறது. அதுவும் சுண்ணாம்புக்கல்தானா?

பாறைப்பித்தன்

அதுவும்தான் கோகிலா அக்கா. கடப்பா, ஷாஹாபாத், கோட்டா மூன்றும் சுண்ணாம்புக்கற்கள். அமிலம் பட்டதும் மேற்பரப்பு கரைந்து மெருகு போய்விடுகிறது. ஆனால் இவை மூன்றிலும் சிப்பியைத் தேடினால் கிடைக்காது. ஓடுள்ள உயிர்கள் உலகில் தோன்றுவதற்கு முந்தைய கடல்களில் படிந்தவை. அங்கே நுண்ணுயிர்ப் படலங்களும் நீரின் வேதியியலும் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டைப் படியவைத்தன. கடப்பாவின் கறுப்பு நிறம் உள்ளே சிக்கிய கரிமப் பொருளால் வருவது. அடர்த்தியாக இறுகியிருப்பதால் மேடைக்கும் தரைக்கும் ஏற்றது. உங்கள் மேடைக் கல்லையும் சயான்வாசியின் ஜன்னல் வளைவையும் ஒரே குடும்பம் என்று சொல்லலாம், ஆனால் குணம் வேறு.

சயான்வாசி

வினிகர் விட்டேன். நன்றாகவே நுரைத்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் கசகசா மாதிரி உருண்டை மணிகள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, நடுவில் நிறைய இடைவெளி.

பாறைப்பித்தன்

அப்படியானால் போர்பந்தர் கல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புவியியலில் இதை மிலியோலைட் சுண்ணாம்புக்கல் என்பார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்; ஆனால் இந்தக் கல் பிறந்த விதம் புரியாமல் இதைப் பழுதுபார்க்க முடியாது என்பது என் கட்சி.

கடல் நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் கரைந்திருக்கின்றன. நத்தை, சிப்பி, பவளம், கண்ணுக்கே தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள் எல்லாம் அவற்றை எடுத்துத் தமக்கு ஓடு கட்டிக்கொள்கின்றன. உயிர் போனதும் ஓடு அடியில் விழுகிறது. வெப்பமான, ஆழமில்லாத, ஆற்றுச் சேறு கலக்காத கடலில் இந்தப் படிவு தடையில்லாமல் சேரும். மேலே சேரச் சேர அடியில் உள்ளது அழுந்துகிறது; துளைகளில் ஊறும் நீரிலிருந்து கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகம் வளர்ந்து துணுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. பெரும்பாலான சுண்ணாம்புக்கல்லின் கதை இதுதான்.

லண்டன் புனித பவுல் பேராலயத்தின் போர்ட்லண்ட் கல்லில் இன்னொரு வழி தெரியும். சூடான ஆழமற்ற நீரில் ஒரு சிப்பித் துண்டு அலையில் உருண்டுகொண்டே இருக்கும்போது அதன் மேல் சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிந்து சின்ன உருண்டையாகிறது. அப்படிப்பட்ட கோடானுகோடி உருண்டைகள் ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் சேர்ந்து ஒட்டிய கல் அது.

நம் போர்பந்தர் கல் இவற்றின் பக்கத்தில் கைக்குழந்தை. சௌராஷ்டிரக் கரையில் பெரும்பாலும் கடந்த இரண்டரை லட்சம் ஆண்டுகளுக்குள் உருவானது. கரையில் நொறுங்கிக் கிடந்த ஓட்டு மணலைக் காற்று உள்நாட்டுக்கு அள்ளிப்போய் மேடுகளாகக் குவித்தது. மழை நீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து, மணிகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மறுபடி படியவைத்து ஒட்டியது. கடலே நேரடியாகப் படியவைத்ததா, காற்றுதான் முழுக்கக் கொண்டுவந்ததா என்று புவியியலாளர்களிடையே பழைய சண்டை ஒன்று உண்டு. கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் குன்றுகளின் சரிவிலும் இது கிடைப்பதால் நான் காற்றின் பக்கம்.

இதில் நமக்கு வேண்டியது ஒன்று. ஆழத்தில் புதைந்து அழுந்திய கல் அல்ல இது. மணிகள் தொடும் புள்ளிகளில் மட்டும் ஒட்டு, மீதியெல்லாம் துளை. சயான்வாசி பார்த்த இடைவெளி அதுதான். அந்தத் துளை இருப்பதால்தான் உளிக்கு இசைந்தது. அதே துளை வழியாகத்தான் நீரும் உப்பும் போய்வருகின்றன.

கொலாபா நடையன்

எங்கள் கொலாபாவின் ஆப்கன் தேவாலயத்திலும் சுண்ணாம்புக்கல் இருப்பதாகப் படித்திருக்கிறேன். உண்மையா?

பாறைப்பித்தன்

உண்மை. பசால்ட்டும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்துக் கட்டியது. 1838 முதல் 1842 வரை நடந்த முதல் ஆப்கன் போரில் இறந்தவர்கள் நினைவாக எழுந்தது. 1858இல் அர்ப்பணிப்பு, கோபுரம் முடிந்தது 1865இல். 19ஆம் நூற்றாண்டு மும்பையின் பெரிய கட்டடங்களில் இந்தப் பங்கீடு அடிக்கடி வரும்: சுமை தாங்க உள்ளூர் எரிமலைக் கல், செதுக்க வெளியூர்ச் சுண்ணாம்புக்கல்.

கல்லுக்காகக் கப்பல் விடுவது தேவாலயக்காரர்களின் பழைய வழக்கம். இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயம் 1174 தீவிபத்துக்குப் பிறகு எழுந்தபோது பிரான்சின் கான் நகரத்துச் சுண்ணாம்புக்கல் ஆங்கிலக் கால்வாய் தாண்டி வந்தது. 1675க்கும் 1710க்கும் இடையில் கட்டடக் கலைஞர் ரென் கட்டிய புனித பவுல் பேராலயத்துக்கு போர்ட்லண்ட் தீவிலிருந்து கடல் வழியாகக் கல் வந்தது. தரையில் மாட்டு வண்டியில் கல் ஏற்றுவதைவிடக் கடலில் ஏற்றுவது மலிவு. போர்பந்தரும் துறைமுகம், பம்பாயும் துறைமுகம், கணக்கு எளிது.

பாரிஸ்காரர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள். 1163இல் தொடங்கிய நோத்ர் தாம் பேராலயத்துக்கான கல் அவர்கள் காலடியிலேயே கிடைத்தது. தோண்டித் தோண்டி நகரத்தின் கீழே சுரங்கமாகி, பிற்பாடு அந்தச் சுரங்கங்களில்தான் கல்லறைகளிலிருந்து எடுத்த மனித எலும்புகளை அடுக்கினார்கள். ஒரு வேடிக்கை: ஏறத்தாழ 4.5 கோடி ஆண்டு வயதான அந்தப் பாரிஸ் கல்லின் சில அடுக்குகளில் மிலியோலிட் என்ற அதே நுண்ணுயிர்க் குடும்பத்தின் ஓடுகள் நிறைந்திருக்கின்றன. போர்பந்தர் கல்லுக்குப் பெயர் கொடுத்ததும் அந்தக் குடும்பம்தான்.

முத்துநகரான்

ஐயா, இவ்வளவு சுற்றுவானேன்? நம் தனுஷ்கோடி தேவாலயம் பவளக்கல்லாலேயே கட்டியது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அருகே போய்ப் பார்த்தால் கல்லில் பவளத்தின் நட்சத்திர வடிவம் அப்படியே தெரியும். பாறையாக மாறும் வரை காத்திருக்காமல் கடலிலிருந்து எடுத்து நேராகச் சுவரில் வைத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் பவளத்தை வெட்டிக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்றார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் சில கரைந்துபோனதற்கு அதுவும் காரணம். 2001இல் கடும்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணைக்கு வந்தன. அதனால் யாரும் 'பாரம்பரியப் பவளச் சுண்ணாம்பு' என்று சொல்லி எதையும் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

காட்கோபர் கணக்கர்

கப்பல், பவளம், பாரிஸ் எல்லாம் இருக்கட்டும். சயான்வாசி கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. சிமெண்ட் ஏன் கூடாது? சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, நாள் பிடிக்கும், செலவு கூடும். பங்குப் பேரவையில் பணம் கொடுப்பவர்கள் கேட்கப்போவது இதைத்தான்.

திருநெல்வேலிக் கொத்தனார்

நான் சொல்கிறேன் தம்பி. மும்பைக்கு வந்து பழைய கட்டடங்களில்தான் கை தேய்ந்தது.

சுவர் என்றால் நனையும். கொலாபாவோ சயானோ, ஒரு மழைக்காலத்தில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர் இது. நனைந்த சுவர் பிறகு காய வேண்டும். காயும்போது தண்ணீர் எந்த வழி லேசோ அந்த வழியாகத்தான் வெளியே வரும். கல் இடுக்கில் சுண்ணாம்புச் சாந்து இருந்தால் அது கல்லைவிட மென்மை, கல்லைவிட எளிதாகத் தண்ணீரை வெளியே விடும். ஈரம் சாந்து வழியாக வரும், உப்பும் சாந்திலேயே பூக்கும், சாந்துதான் உதிரும். உதிரட்டும். சாந்தைச் சுரண்டிவிட்டு மறுபடி வைக்கலாம். சாந்து சாகத்தான் இருக்கிறது, கல் வாழ.

சிமெண்டை வைத்தால் தலைகீழ். அது இறுகி அடைத்துக்கொள்ளும். தண்ணீருக்குக் கல்லைத் தவிர வேறு வழி இல்லை. கடல் காற்றின் உப்பு ஏற்கெனவே கல்லுக்குள் இருக்கிறது. சிமெண்டும் தன் பங்குக்கு உப்பைக் கொடுக்கும். தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி, துளைக்குள் இடம் போதாமல் மணிகளைத் தள்ளும். மணி மணியாகக் கொட்டும். சயான்வாசி சொன்ன மாவு அதுதான். சிமெண்ட் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து உறுதி என்று நினைக்கிறார்கள். அது கல்லைத் தின்று நிற்கிறது.

தண்ணீர் புகாத பெயிண்ட் இன்னும் மோசம். வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுக்கும் என்பார்கள். கூரை வழியாகவும் அடித்தளம் வழியாகவும் உள்ளே போன தண்ணீரை என்ன செய்வார்கள்?

தாராவித் தம்பி

அண்ணாச்சி, இப்போது விளங்கியது. ஆனால் புகையும் மழையும் கல்லை நேரடியாகவே அரிக்குமே? எல்லாப் பழியையும் சிமெண்ட் மேல் போடலாமா?

பாறைப்பித்தன்

நியாயமான கேள்வி. மழைநீரில் கரியமிலவாயு கலந்திருப்பதால் சுண்ணாம்புக்கல் எங்கும் மெல்லக் கரையும். கந்தகப் புகை சேர்ந்தால் கல்லின் மேற்பரப்பு ஜிப்சம் என்ற, நீரில் எளிதாகக் கரையும் பொருளாக மாறும். மழை கழுவும் இடத்தில் அது கரைந்து ஓடிவிடும். மழை படாத வளைவின் அடியில் கரியோடு சேர்ந்து கறுப்புப் பொருக்காகத் தங்கும். பிறகு பொருக்கு கல்லின் தோலையும் சேர்த்துக்கொண்டு உரிந்து விழும்.

புனித பவுல் பேராலயத்தின் மேல்தளக் கைப்பிடிச் சுவரில் 18ஆம் நூற்றாண்டில் துளைகளை ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள். கல் தேய்ந்ததும் ஈயக்கட்டிகள் மேலே துருத்திக்கொண்டு நின்றன. எவ்வளவு தேய்ந்தது என்று அளக்க ஆய்வாளர்களுக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடைக்குமா? தேம்ஸ் கரை அனல்மின் நிலையங்கள் 1980களில் மூடப்பட்டு லண்டன் காற்றில் கந்தகம் குறைந்த பிறகு தேய்மான வேகமும் குறைந்தது.

ஆக, புகையும் எதிரிதான். ஆனால் அதைப் பங்குப் பேரவையால் நிறுத்த முடியாது. சிமெண்டை நிறுத்த முடியும்.

கொலாபா நடையன்

கோவாவில் இதற்கு எதிர்முனையில் ஒரு உதாரணம் இருக்கிறதே. 1605இல் அர்ப்பணித்த பாம் ஜேசு பசிலிக்கா செம்புறைக்கல் கட்டடம். சுண்ணாம்புப் பூச்சுதான் அதற்குச் சட்டை. 1950களில் பழைமை தெரியட்டும் என்று பூச்சை உரித்துவிட்டார்கள். இன்று மழை செம்புறைக்கல்லை நேரடியாக அரிக்கிறது. மீண்டும் பூசலாமா கூடாதா என்று சண்டை. சிவந்த கல்லையே பார்த்துப் பழகிய மக்கள் பூசக்கூடாது என்கிறார்கள். முகப்பில் இருக்கும் செதுக்கு வேலைக்கான பசால்ட் மும்பைக்கு வடக்கே இருக்கும் நம் வசாய் ஊரிலிருந்து போனது என்பது உபரிச் செய்தி.

பாறைப்பித்தன்

பூச வேண்டும் என்பதே என் கருத்து. கண் பழக்கத்துக்காகக் கட்டடத்தை நனையவிட முடியாது. ஆனால் அது தனி இழைக்கான சண்டை, இங்கே வேண்டாம்.

செம்பூர் கோகிலா

கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்தால்தான் சுண்ணாம்பு நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே. முன்னோர் ரகசியம் என்று.

திருநெல்வேலிக் கொத்தனார்

ரகசியம் ஒன்றும் இல்லை அம்மா, ஊரறிந்த விஷயம்தான். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் உண்மையாகவே சேர்ப்போம். சாந்து இழைய வரும், பிடிப்பும் கூடும். முட்டை வெள்ளை கடைசி மெருகுப் பூச்சுக்கு. மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு போல மின்னியது அதனால்தான். கல் இடுக்குக்கு முட்டை வேண்டாம்.

முக்கியம் வேறு. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி எவ்வளவு நாள் ஊறவைத்தீர்கள் என்பது முக்கியம். சரியாக நீறாத கட்டி ஒன்று சாந்தில் இருந்தால் சுவரில் போன பிறகு பொங்கி வெடிக்கும். அவசரத்துக்குப் பொடிச் சுண்ணாம்பு வாங்கி அன்றே குழைத்துவிட்டுக் கடுக்காயை மட்டும் பெருமையாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மும்பை ஈரத்துக்கு வெறும் சுண்ணாம்பு இறுகச் சோம்பல்படும். காற்றில் உள்ள கரியமிலவாயுவை இழுத்துத்தான் அது மறுபடி கல்லாக வேண்டும். அதனால் நன்றாகச் சுட்ட செங்கல்லின் தூளைச் சேர்ப்போம். சுர்க்கி என்பார்கள். அது இருந்தால் ஈரத்திலும் பிடிக்கும்.

காட்கோபர் கணக்கர்

சரி, சிமெண்ட் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே இருக்கும் சிமெண்டை எடுப்பது எப்படி? இடித்தால் கல்லும் வருமே?

திருநெல்வேலிக் கொத்தனார்

வரும். அதனால்தான் மின் கருவி வைத்து அறுக்கவே கூடாது. சின்ன உளி, கைச்சுத்தி. ஏற்கெனவே விரிசல் விட்டுத் தளர்ந்த சிமெண்டை மட்டும் எடுங்கள். இறுகப் பிடித்திருப்பதை வம்புக்கு இழுக்காமல் விடுங்கள். இன்னும் சில மழையில் அதுவே தளரும்.

கூரை, மழைநீர்க் குழாய், ஜன்னல் மேல் விளிம்பு மூன்றையும் முதலில் பாருங்கள். ஒழுகும் குழாயை வைத்துக்கொண்டு கல்லுக்கு வைத்தியம் பார்ப்பது வீண் செலவு. வளைவுக்குள் இரும்புப் பிடிப்பு இருக்கிறதா என்றும் தட்டிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த இரும்பு பருத்துக் கல்லைப் பிளக்கும். அதற்குச் சாந்து எதுவும் உதவாது.

பாறைப்பித்தன்

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். புதுக் கல் மாற்ற வேண்டிவந்தால் அதே மாதிரித் துளையுள்ள சுண்ணாம்புக்கல்லையே வையுங்கள். நிறம் ஒத்துப்போகிறது என்று அடர்ந்த கல்லை நுழைத்தால் சிமெண்ட் செய்த வேலையையே அது செய்யும். கல்லில் படிவு அடுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துச் சுவரில் அது படுக்கையாக வருமாறு வைக்கச் சொல்லுங்கள். அடுக்கு செங்குத்தாக நிற்கும்படி வைத்தால் பக்கம் பக்கமாக உரியும்.

இன்னொன்று, கோயில் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மும்பையில் 1995 முதல் இதற்கு விதிமுறை இருக்கிறது. பட்டியலில் இருந்தால் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி தேவைப்படலாம். ஒப்பந்ததாரர் அதைச் சொன்னாரா?

சயான்வாசி

சொல்லவில்லை. கேட்டபோது பேச்சை மாற்றினார்.

கூட்டம் முடிந்துவிட்டது. இந்த இழையில் எழுதியதில் பாதியை அச்செடுத்து எடுத்துப்போனேன். பணம் கொடுப்பவர் ஒருவர், சுண்ணாம்பு என்பது வெற்றிலைக்குத்தானே என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். கடைசியில் சிமெண்ட் திட்டத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். கூரையும் குழாயும் உடனே. தெற்குப் பக்கத்து ஜன்னல் ஒன்றில் மட்டும் சுண்ணாம்புச் சாந்து வைத்துப் பார்க்க ஒப்புதல். பட்டியல் விவரத்தைப் பங்குத்தந்தை விசாரிக்கிறார். அண்ணாச்சி, அந்த ஜன்னலை நீங்கள் வந்து ஒருமுறை பார்க்க முடியுமா?

திருநெல்வேலிக் கொத்தனார்

வருகிறேன் தம்பி. சாந்து வேலையை மழை விட்ட பிறகு, அக்டோபர் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பை இப்போதே வாங்கி நீற்றித் தொட்டியில் போட்டு, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடிவையுங்கள். அது எவ்வளவு ஊறினாலும் நல்லதுதான். நிறைய சாக்குப் பையும் சேர்த்துவையுங்கள். சாந்து வைத்ததும் வெயிலில் சட்டென்று காயாமல் நனைத்துத் தொங்கவிட அதுதான் வேண்டும். ஒப்பந்ததாரரிடம் சாரத்தை மட்டும் வாடகைக்குக் கேளுங்கள்.